ஏழாம் கதவுக்கு இந்தப் பக்கம்

என் தங்கச்சி ஜக்கம்மாளைக் கட்டியவர் சுருளிவேல். ஊரில் பிக்கு சுருளி என்றால்தான் தெரியும். சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு புத்த பிக்கு இருக்கிறாராமே என்று கேள்விப்பட்டு யாராவது பார்க்க வந்தால் ஏமாந்துதான் போவார்கள். மொட்டைத் தலை உண்டு. அதற்குக் கீழே முறுக்கிவிட்ட மீசையும் உண்டு. கல்யாணம், சாவு என்றால் பிக்குகள் உடுத்தும் துவராடை. மற்ற நாளில் கிரீஸ் படிந்த கைலி. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். பீடியை விடச் சொல்லி நானே சண்டை போட்டிருக்கிறேன். "ஆசைய விடச் சொல்லித்தான் மச்சான் புத்தர் சொன்னாரு, பீடிய விடச் சொல்லலையே" என்பார். இப்படி ஒரு ஆளிடம் என்னத்தைப் பேசுவது?

திண்டுக்கல் நாகல் நகரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தார். வயக்காட்டுக் கிணறுகளில் இறங்கி, பழுதான மோட்டாரைத் தூக்குவதும் அவர்தான். எங்கள் பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்க்கவே எனக்குப் பயம். அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி இறங்குவார்.

இளவயசில் ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலைக்குச் சேர்ந்து நாக்பூர்ப் பக்கம் போனவர். ஆறேழு வருஷம் ஆளையே காணோம். வருகிறபோது தலையில் முடி இல்லை, கையில் ஒரு புத்தர் சிலை, வாயில் எங்களுக்குப் புரியாத பாஷையில் மந்திரம். ஏன் இப்படி என்று கேட்டேன். "உள்ள விடாத கோயில் வாசல்ல எம்புட்டு நாளைக்கு மச்சான் நிக்கிறது?" என்றார். எங்கள் சனத்தை எந்தக் கோயிலிலும் படி தாண்ட விட்டதில்லை. கொஞ்ச நாளில் ஜக்கம்மாளைப் பெண் கேட்டு வந்தார். பிக்கு கல்யாணம் கட்டலாமா என்று நான் எகிறினேன். "கட்டக் கூடாதுதான். நான் கட்டப் போறேன்" என்று சிரித்தார். கொடுத்துவிட்டேன். ஒரு நாளும் அவளைக் கண் கலங்க வைத்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கல்யாணம், சாவு நடத்தக் கீரனூர் வரைக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தால் சாவு வீட்டில் கொட்டு கிடையாது, மொட்டை அடிப்பது கிடையாது, பதினாறாம் நாள் காரியம் கிடையாது. மெழுகுவத்தி ஏற்றி மந்திரம் சொல்லிவிட்டு, தமிழில் நாலு வார்த்தை பேசுவார். "வந்தது போகும். அழுதுக்கங்க. ஆனா எப்ப நிப்பாட்டணும்னு தெரிஞ்சுக்கங்க" என்பார். அவர் பேசி முடிக்கிறபோது அழுதுகொண்டிருந்தவர்கள் மூக்கைச் சிந்திவிட்டு டீ கேட்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பெத்தவள் யாராவது வாய்க்கரிசி போட்டே தீருவேன் என்று கையில் பச்சரிசியோடு நின்றால் மட்டும் தடுக்க மாட்டார். "போடட்டும். புத்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு" என்று வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே பையன், தனுஷ். பாலிடெக்னிக் முடித்துவிட்டு அப்பாவோடு கடையில் இருந்தான். போன வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கல்குவாரிக் குட்டைக்குக் குளிக்கப் போனான். கைவிட்டுப்போன குவாரி. எத்தனை ஆழம் என்று ஒருவருக்கும் தெரியாது. மற்ற பையன்கள் ஏறி வந்தார்கள், அவன் வரவில்லை.

சுருளி கறி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். சேதி கேட்டதும் நேராகப் போய்க் குதித்தார். முங்குவார், வெறுங்கையோடு வருவார், மூச்சு வாங்குவார், மறுபடி முங்குவார். கண்ணெல்லாம் ரத்தமாகிவிட்டது. நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் இழுத்துக் கரையில் போட்டோம். மறுநாள் தீயணைப்புக்காரர்கள் பையனை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த உடம்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

சாவை அவரே நடத்தினார். குரல் நடுங்கவே இல்லை. எல்லாரும் மலைத்துப்போய் நின்றார்கள். கடைசியில் ஜக்கம்மாள் முந்தானையில் அரிசியோடு வந்தாள். அவர் கையை நீட்டி மறித்தார். "வேணாம் தாயி. நம்ம வழியில அது இல்ல." அத்தனை அம்மாக்களுக்கும் விட்டுக்கொடுத்தவர், தன் பெண்டாட்டிக்கு மட்டும் சட்டம் பேசுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜக்கம்மாள் அரிசியோடு திரும்பிப் போனாள்.

அதற்கப்புறம் அவள் சோற்றைத் தொடவில்லை. அழவும் இல்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு வாய்த் தண்ணீர், ஒரு வாய்க் கஞ்சி, அதுவும் மல்லுக்கட்டி ஊட்டினால்தான். பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி வாசல். உடம்பு பாதியாகிவிட்டது. இப்படியே போனால் ஆடி தாண்ட மாட்டாள் என்று என் பெண்சாதி என் காதில் சொன்னாள்.

ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தபோது ஜக்கம்மாள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்: "ஏங்க, நீங்க அம்புட்டுக் கெணத்துலயும் எறங்குவீங்கள்ல? மந்திரமும் தெரியும்ல? கீழ போயி அவனக் கூட்டிட்டு வாங்களேன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிருக்காரு தாயி" என்றார்.

"யாரு?"

"ஒரு பிக்கு. மொட்டத் தல, மீச வச்ச ஆளு. ஒரு கையில திருவோடு, ஒரு கையில பைப் ரெஞ்சு. மோட்டார்க் கயித்தப் புடிச்சு எறங்கிட்டாரு. கீழ நாகலோகம். அதுக்கு ஏழு கதவு. மொதக் கதவுல லாரி தண்டிக்கு ஒரு தேளு காவல் நிக்கிது." நிறுத்திவிட்டு ஒரு உருண்டையை நீட்டினார். "வாயத் தொற, சொல்றேன்."

திறந்தாள். பிக்கு தேளுக்கு ஒரு பீடி பற்ற வைத்துக் கொடுத்தார். தேள் இருமி இருமி ஓரமாக நகர்ந்துகொண்டது. கதவு திறந்தது. தட்டில் பாதி காலியாகியிருந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வருவார். கதை நடக்கும், சோறு இறங்கும். இரண்டாம் கதவில் கண்ணில்லாத மீன் ஒன்று வழி மறித்தது. மூன்றாவதில் நாகராஜன் ஒரு பெரிய மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டிருந்தான். பிக்கு அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். திண்டுக்கல்லில் செய்த பூட்டு, எங்கே தட்டினால் திறக்கும் என்று அவருக்குத் தெரியாதா? நான்காம் கதவில் பெயர்களை மட்டுமே தின்கிற அரக்கன். அவனுக்குத் தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் பெயர் இல்லாமல் உள்ளே போனார். ஐந்தாம் கதவுக்குப் பின்னால் நாகப் பெண்கள் சின்னாளப்பட்டிக்காரிகளைப் போல உட்கார்ந்து, தண்ணீரையே துணியாக விரித்து, சுங்கடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுமுன் போடுவது போல முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முடிச்சும் முங்கிப்போன ஒருவரின் மூச்சு. தனுஷின் முடிச்சு எதுவென்று தெரியாததால் பிக்கு அத்தனையையும் அவிழ்க்க ஆரம்பித்தார். அது மட்டும் ஒரு மாதம் போயிற்று.

தெருவே கேட்க வந்தது. பூ கட்டுகிற பெண்கள் கனகாம்பரக் கூடையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மூக்காயி என்று ஒருத்தி, வாய்க்குப் பூட்டே கிடையாது, அவள்கூட மூச்சுக் காட்டாமல் கேட்பாள். ஏற்கெனவே மகனைப் பறிகொடுத்தவள் அவள். முடிச்சு அவிழ்க்கிற பகுதியில் "எம்மவன் முடிச்சையும் அவுத்துட்டாரா பிக்கு?" என்று கேட்டாள். "அவுத்துட்டாரு" என்றார் சுருளி. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கும் கேட்கப் பிடித்திருந்தது, மறைப்பானேன்? ஆனால் ஆறாம் கதவும் திறந்துவிட்டது. இந்த மனுஷன் எத்தனை நாளைக்கு இழுப்பார்? ஏழாவது கதவைத் திறந்து என்னத்தைக் காட்டுவார்? அவளும் சோறு உண்கிறாளே ஒழிய, மகனுக்குச் சட்டை துவைத்து மடித்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

ஒருநாள் அவளிடம் தனியாகக் கேட்டேன். "ஏ ஜக்கு, உனக்கு நெசம் தெரியாதா? நம்ம கண்ணு முன்னாலதான பொதைச்சோம்?"

"பொதைச்சோம்" என்றாள். "ஆனா நான் வாய்க்கரிசி போடலையேண்ணே. பெத்தவ போடாம எப்படிச் சாவாகும்? போட்டாத்தான அவனுக்கு இங்க இருந்த கணக்கு முடியும்? முடியலைனுதான அவரு போட விடல?"

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் சனத்துக்கு அதுதான் கடைசிச் சோறு. அதைப் போட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்குத் தட்டு வைக்க மாட்டார்கள். அவள் கேட்டதில் ஒரு பிசகும் இல்லை. மாப்பிள்ளையிடம் போனேன். இப்போதாவது போடவிடுங்கள், குட்டைத் தண்ணீரிலாவது போடட்டும், மனசு அடங்கும் என்றேன். அவர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"வேணாம் மச்சான்."

"கதையச் சொல்லியே அவளக் கிறுக்கியாக்கப் போறீகளா மாப்ளே?"

"வேணாம்னு சொல்றேன்ல."

என் கோபம் ஊரறிந்தது. மறுநாள் அவர் ஒரு கிணற்று வேலையாகப் போனதும், ஜக்கம்மாளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் குவாரிக்குக் கூட்டிப்போனேன். காலை வெயில் பாறையில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. அவள் சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கினாள். நான் அவள் முந்தானை முனையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை அரிசியை அள்ளிப் போட்டாள். தண்ணீருக்குள் வெள்ளையாக இறங்கியது. குஞ்சு மீன்கள் கூட்டமாக வந்து ஒரு அரிசி விடாமல் தின்றன. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள், பாருங்கள், அப்படி ஒரு சத்தத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. அடிவயிற்றில் அத்தனை மாதம் கிடந்த அழுகை. அழட்டும் என்று விட்டேன். இன்றைக்கும் அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்தாள், தலைக்கு ஊற்றினாள், உலை வைத்தாள். தனக்குத்தானே போட்டு, கத்திரிக்காய் வெஞ்சனத்தைத் தொட்டுக்கொண்டு தின்றாள். தின்றுகொண்டே அழுதாள். ஆனால் தின்றாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சுருளி உள்ளே வந்தார். கை கழுவிவிட்டு, வழக்கம்போல் தட்டை எடுக்கப் போனவர் அவள் தின்பதைப் பார்த்து நின்றார்.

"பிக்கு நேத்து ராத்திரியே ஏழாங்கதவுக்கு வந்துட்டாரு தாயி" என்றார். "இன்னைக்குச் சொல்றேன், கேளு."

"போதுங்க" என்றாள் அவள். "நான் போயி அரிசி போட்டுட்டு வந்துட்டேன். நம்ம புள்ள போயிட்டான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதோடு நாகல் நகர்க் கடை பூட்டினது பூட்டினபடி. தெருவில் கருப்பணன் என்று ஒருத்தரின் அப்பா இறந்துபோனபோது கூப்பிட வந்தார்கள். வேறு யாரையாவது பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். ஜக்கம்மாள் தேறி வருகிறாள். காட்டு வேலைக்குப் போகிறாள், சட்டைகளை எல்லாம் அக்கம்பக்கத்துப் பையன்களுக்குக் கொடுத்துவிட்டாள். இவர் விடிந்ததும் குவாரிக்குப் போய்விடுகிறார். அவள் தூக்குச்சட்டியில் சோறு கொடுத்து விட்டால், அப்படியே திரும்பி வருகிறது.

முந்தாநாள் நானே தூக்குச்சட்டியோடு போனேன். பாறை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் முடி நரையும் கருப்புமாக வளர்ந்திருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"மாப்ளே, அவளே மனசத் தேத்திக்கிட்டா. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன ஆளு நீங்க. எப்ப நிப்பாட்டணும்னு சொல்வீகளே, அது உங்களுக்கு இல்லையா?"

"ஊருக்குச் சொன்னேன். ஊரு கேட்டுக்கிருச்சு" என்றார். தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் முங்குனேன்ல மச்சான். அப்ப அவன் கையி எங்கையில தட்டுப்பட்டுச்சு. புடிச்சேன். வழுக்கிருச்சு. யாருகிட்டயும் சொல்லல."

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏழாங்கதவு தொறந்துதான் கெடந்துச்சு மச்சான். அவன் அங்கிட்டு நின்னான், நான் இங்கிட்டு நின்னேன். கைய நீட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன். நீங்க போயி அரிசியப் போட்டுட்டீக. இனி என்ன சொல்லி அவனக் கூப்புடுவேன்?"

தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு உருண்டை உருட்டி நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். எனக்குக் கதை சொல்லத் தெரியாது.