பச்சை கேட், ரம்புத்தான் மரம்

காகிதத்தை நாலாக மடித்துத்தான் கொடுப்பார் வீரையா. விரித்துக் கொடுத்தால் வாங்குகிறவர் அங்கேயே ஒரு பார்வை பார்த்துவிட்டு "ஆகட்டும், பாப்போம்" என்று திருப்பி நீட்டிவிடுவாராம். மடித்ததை யாரும் திருப்பித் தருவதில்லை. அது பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய்விடும்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள் தாளின் பின்பக்கம்தான் அவருக்குக் காகிதம். நீல மை. சோளமணி கோத்த மாதிரி எழுத்து. மேலே 'தைப்பிங், மூன்று நாள்' என்று தலைப்பு. கீழே ஒன்றிலிருந்து ஏழு வரை. ஆக்லாந்துத் தமிழர்களில் யார் கோலாலம்பூர் வழியாக ஊருக்குப் போனாலும் எப்படியோ அவர் காதுக்கு எட்டிவிடும். "அவ்ளோ தூரம் போறீங்க. பினாங்கு, லங்காவி எல்லாம் எல்லாரும் பாக்கறதுலா. ரயில் ஏறுனா மூணு மணி சொச்சம், தைப்பிங் வந்துரும்" என்று ஆரம்பித்துவிடுவார். இங்கே பிறந்த அவர் மகள் சுரேகா, "டாட், நோபடி கோஸ் டு தைப்பிங்" என்பாள். "அதான் அனுப்பறேன்" என்பது பதில்.

வெற்றி அவரிடம் மாட்டியது வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே. கிடங்கின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவன். அரியலூர்ப் பக்கம் முந்திரிக்காட்டு ஊர். அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். காலை ஸ்மோக்கோ இடைவேளையில், கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்தபடியே, "தம்பி, பசியாறியாச்சா?" என்று கேட்டார். வெற்றிக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் ஊரில் பசியாறுவது என்பது, கதியற்றவர்களுக்குக் கோயிலில் சோறு போடும்போது சொல்கிற சொல்.

"நான் ஒண்ணும் பட்டினியா இல்லண்ணே. எம்.சி.ஏ. படிச்சிருக்கேன்."

வீரையா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஏன், எம்.சி.ஏ.வுக்குப் பசிக்காதா? எங்க மலேசியாவுல காலையில சாப்ட்டாச்சான்னு கேக்கறதே அப்படித்தான்லா." அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே எம்.சி.ஏ. பட்டியலின் முதல் வரிக்கும் அர்த்தம் அன்றுதான் விளங்கியது: 'ஒன்று. காலை பசியாற, பாசார் பக்கத்து ரொட்டிச் சானாய்க் கடை. முட்டை போட்டுக் கேள்.'

மற்ற வரிகளும் அதே தோரணைதான். ஏரித் தோட்டத்துக்கு ஆறு மணிக்குள் போக வேண்டும். தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் குனிந்து தண்ணீரில் கை நனைக்கும். மூன்றாவது மிருகக்காட்சிசாலை, குரங்கிடம் பையைக் காட்டாதே. ஆறாவது இடமே அல்ல: 'மூன்று மணி, மழை. எங்கேயும் ஓடாதே. நின்று பார்.' ஆக்லாந்து மழையை அவர் மழையில் சேர்ப்பதில்லை. "இது சிணுங்கறது" என்பார். காலையில் போனைத் திறந்ததும் பார்ப்பது தைப்பிங் வானிலை.

ஏழாவதுதான் யாருக்கும் பிடிபடாத வரி. 'பச்சை கேட், ரம்புத்தான் மரம். வெளியே நின்று ஒரு போட்டோ. உள்ளே போக வேண்டாம். எனக்கு அனுப்பவும்.' கூடவே ஒரு தெருவின் பெயர்.

லின்ஃபீல்டில் இருக்கும் ரங்கநாதன் போய்விட்டு வந்து சண்டைக்கே நின்றார். "என்ன சார் இருக்கு அந்த வீட்ல? நானும் ஏதோ பழைய ஜமீன் பங்களான்னு நெனச்சு, வெயில்ல அரை மணி நேரம் நடந்தேன். ஒரு கேட்டு, ஒரு மரம்!"

"மரம் காய்ச்சிருக்கா?" என்று கேட்டார் வீரையா.

அது அவர் பிறந்த வீடு. உள்ளே இருப்பது அவருடைய தம்பி மகேசன்.

முப்பது வருடத்துக்கு முன்னால் வேலை தேடி ஆக்லாந்துக்கு வந்தவர். இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தபோது, மலேசியா இரண்டு குடியுரிமைக்கு இடம் தராததால், அந்த நாட்டு ஐசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. நீல நிறத்தில் உள்ளங்கை அகல அடையாள அட்டை. கொடுத்த அன்று பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. அதன் கனம் தெரிந்தது கொரோனாக் காலத்தில், அம்மா இறந்தபோது. அங்கே நுழைய வெளிநாட்டுக்காரனுக்கு அனுமதி வேண்டும். இங்கே திரும்பி வர, தனிமைப்படுத்தும் ஹோட்டலில் இடத்துக்குக் குலுக்கல். இரண்டும் கிடைப்பதற்குள் அம்மா சாம்பலாகியிருப்பாள்.

ஆக்லாந்துப் பக்குரங்காவில் தன் வீட்டுச் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தார். கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தது. பத்துப் பேருக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. மகேசன்தான் போனைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"போன அந்தப் பக்கம் திருப்புடா. அம்மா காலு தெரியல" என்றார் வீரையா. பிறகு, "வாசப்பக்கம் திருப்பு, யாரு நிக்கிறா?" பிறகு இன்னொரு முறை, "திருப்புடா."

மகேசன் மூன்று இரவு கண் மூடாதவன். "திருப்பித் திருப்பிக் காட்ட இது என்ன பிக்னிக் ஸ்பாட்டா? ஐசியக் குடுத்துட்டுப் போனவன்தானே நீ? டூரிஸ்டுக்கு இங்க என்ன வேலை?"

திரை கறுத்தது. ஐம்பது வருடமாக வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிட்டவன் அன்று ஒரு அண்ணே கூடச் சொல்லவில்லை. சின்னவன்தானே முதலில் பேச வேண்டும் என்று இவர் இருந்தார். பெரியவர்தானே முதலில் பேச வேண்டும் என்று அவன் இருந்தான். வரப்புத் தகராறு மாதிரி. ஒரு முழம் நிலத்துக்காக இரண்டு பக்கமும் பயிரைக் காயப் போடுவது.

எல்லை திறந்த பிறகு ஒருமுறை போனார். ரோஷக்காரர், டூரிஸ்ட் என்றால் டூரிஸ்டாகவே போவது என்று ஹோட்டலில் அறை எடுத்தார். வரவேற்பில் இருந்த பெண் ஐசி கேட்டாள். கறுப்புப் பாஸ்போர்ட்டை நீட்டினார். "ஓ, டூரிஸ்ட்" என்று சிரித்துவிட்டு ஊர் வரைபடம் ஒன்றை எடுத்து, ஏரி எங்கே, மிருகக்காட்சிசாலை எங்கே என்று பேனாவால் வட்டம் போட்டுப் போட்டு விளக்கினாள். தான் நீச்சல் படித்த ஏரிக்கு வழியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நன்றி சொன்னார் வீரையா. மூன்று நாளில் நாலு தடவை அந்தத் தெரு வழியாக நடந்தார். நாலாவது தடவை உள்ளே மகேசன் இருமுவது கேட்டது. கேட்டில் கை வைக்கவில்லை. ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

திரும்பி வந்த வாரத்தில்தான் பட்டியல் எழுத ஆரம்பித்தார். டூரிஸ்டுக்கு அந்த வீட்டில் வேலை இல்லை என்றானே, அந்தக் கேட்டுக்கு டூரிஸ்டாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்.

வந்த படங்களை அவர் படிக்கிற விதம் வேறு. விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்குவார். கேட்டுக்குப் புது பெயிண்ட். கொடியில் காய்கிற சட்டை மகேசனுடையது, பரவாயில்லை, உடம்பு அப்படியேதான் இருக்கிறது. காரின் மேல் சருகு. எடுத்து நாளாகிறது போல. ரங்கநாதன் எடுத்த படத்தில் வாசற்படியைக் காணவில்லை. அந்த இடத்தில் சிமெண்ட்டுச் சரிவு ஒன்று இருந்தது.

"பைக் ஏத்தறதுக்குப் போட்டிருப்பான்" என்று மனைவியிடம் காட்டினார்.

சீதாதேவி முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர். போனை வாங்கிப் பார்த்தார். "இது வீல்சேருக்குங்க" என்றார்.

மகேசனுக்கு ரொம்ப நாளாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அண்ணன் தம்பியின் அப்பாவுக்கும் அதேதான். கடைசியில் கால் போனது. வீரையா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"போன் போடுங்க" என்றார் சீதாதேவி.

"போட்டு? டூரிஸ்ட் பேசறேங்கறதா?"

ஜனவரியில் வெற்றி பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியபோது பட்டியலை மடித்து அவனே எதிர்பார்க்காத விதமாக அவன் சட்டைப் பையில் தானே வைத்தார். "எம்.சி.ஏ., குரங்கு, கடை எல்லாம் விட்டாலும் சரி. ஏழ விட்டுறாத. ஆள் யாராச்சும் வெளியில இருந்தா கேக்காத. பாத்துட்டு மட்டும் வா."

வெற்றி போனபோது ஆள் வெளியில்தான் இருந்தார். ரம்புத்தான் மரத்தடியில் சக்கர நாற்காலி. வலது காலில் முழங்காலோடு கைலி மடித்துச் செருகியிருந்தது.

"நியூசிலாந்தா?" என்றார் அவர், பேப்பரிலிருந்து கண் எடுக்காமலே.

"எப்படிங்க தெரியும்?"

"நீங்க ஒம்பதாவது ஆளு. மொதல்ல வந்தவர நெலம் வாங்க வந்த புரோக்கர்னு நெனச்சேன். அப்புறம் ஒரு அம்மா கையில பேப்பரோட நின்னாங்க. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஆறாப்பு வரைக்கும் என் வீட்டுப்பாடமெல்லாம் அந்தக் கையெழுத்துதான். உங்க கைடு எப்படி இருக்காரு?"

"நல்லா இருக்காருங்க."

"காட்டுங்க பேப்பர." வாங்கி மேலிருந்து கீழே படித்தார். "குரங்குக்கு மூணாமிடம். நமக்கு ஏழு." சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. வெற்றி கேட்டுக்கு வெளியே நின்றபடியே போனைத் தூக்கினான். "அங்கேயே நின்னு எடுத்தா என்ன தெரியும்? உள்ள வாங்க."

"உள்ள போக வேண்டாம்னு எழுதியிருக்காருங்களே."

"எழுதுவாரு. பசியாறியாச்சா?"

"இன்னும் இல்லண்ணே" என்றான் வெற்றி, இந்த முறை சரியாக.

மகேசனின் மனைவி கௌரி தோசை ஊற்றிக் கொடுத்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் மகேசன், "போட்டோ வேணாம், வீடியோ எடுங்க" என்றார். "மெதுவாத் திருப்புங்க. அன்னிக்கு அண்ணன் கெஞ்சுச்சு. நான் திருப்பல."

நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு முன்னால் போனார். கூடம். "அம்மா தலை இந்தப் பக்கம். காலு இங்க." வாசற்பக்கம். "இங்கதான் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் நின்னாரு. செத்துட்டாரு அவரும்." அடுப்படி. அம்மாவின் ஸ்டூல். எல்லாம் காட்டி முடித்துக் கடைசியில் காமிராவைப் பார்த்தார். "அண்ணே. ஏழாவதாப் போட்டிருக்க. சரி. பசியாற வா."

வெற்றி திரும்பி வந்து காட்டிய அந்த வீடியோவை வீரையா ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, நாலு தடவை பார்த்தார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. "இப்பவே கூப்டுங்கண்ணே" என்று வெற்றி தன் போனை நீட்டினான்.

"வேணாம்பா. போன்லதானே கெட்டுச்சு. நேர்ல போயிக்கறேன்." கிடங்கில் ஆள் பற்றாக்குறை, ஈஸ்டருக்குத்தான் லீவு கிடைத்தது. ஏப்ரலுக்கு டிக்கெட் போட்டார். பட்டியலைப் புதிதாக எழுதினார். 'ஒன்று. மகேசன் வீடு. பசியாற.' ரொட்டிச் சானாய்க் கடை இரண்டுக்கு இறங்கியது. ஆறாவதாக இருந்த மழை ஏழுக்குப் போனது. அதைப் படம் எடுத்துக் கௌரியின் எண்ணுக்கு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதை ஸ்மோக்கோ அறையில் எல்லோரிடமும் காட்டினார். பசிபிக் தீவுக்காரர் ஒருவர் ஒன்றும் புரியாமல் தோளில் தட்டிக் கொடுத்தார்.

மார்ச் இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பசியாற உட்கார்ந்த மகேசன் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். டிக்கெட் தேதிக்கு முப்பத்தாறு நாள் இருந்தது.

கௌரி வீடியோவில் கூப்பிட்டார். இவர் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே அந்தப் பெண் அழுதுகொண்டு போனைத் திருப்பினார். தலைமாடு, கால்மாடு, வாசல்.

"வேணாம்மா" என்றார் வீரையா. "திருப்பாத. வர்றேன்."

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. கேட் திறந்துதான் கிடந்தது. ஆனாலும் பெட்டியோடு வெளியிலேயே நின்றாராம், கௌரி வந்து "உள்ள வாங்க மாமா" என்று சொல்லும்வரை. பதினாறாம் நாள் காரியம் முடித்துத் திரும்பினார்.

வீரையா இப்போதும் பக்குரங்காவில்தான் இருக்கிறார். அதே ஃபோர்க்லிஃப்ட், அதே கம்பளித் தொப்பி. காலையில் வானிலை பார்ப்பதில்லை. கோலாலம்பூர் வழியாகப் போகிறவர்களுக்குப் பட்டியல் மட்டும் நிற்கவில்லை. போன மாதம் சுபாஷினி என்கிற நர்ஸ் குடும்பத்தோடு கிளம்பினார். மற்றவர்களைப் போல் பையில் போடாமல் அங்கேயே காகிதத்தைப் பிரித்துப் படித்தார். அது இரண்டிலிருந்து தொடங்கியது. இரண்டு, ரொட்டிச் சானாய்க் கடை. மூன்று, ஏரித் தோட்டம்.

"அண்ணே, ஒண்ண விட்டுட்டீங்களே?"

வீரையா அந்தக் காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினார். பழைய மடிப்பிலேயே நாலாக மடித்து, நகத்தால் ஓரத்தை ஒருமுறை நீவி, திருப்பிக் கொடுத்தார்.