குடோனைப் பற்றிய கேள்வி

வெல்டரின் பட்டறையில் அக்கம்பக்கத்தார் ஞாயிறுதோறும் கூடிப் பேசுவார்கள். மறுத்துப் பேசுகிறவர் முதலில் எதிராளியின் கருத்தை, அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக்காட்ட வேண்டும். அன்று கால்வாய்க்கரை வீடுகளை இடிப்பது பற்றிப் பேச்சு. அந்த வீடுகளில் ஒன்றில்தான் தையல்காரம்மா மிஷின் மிதித்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

"எங்க வீடுங்க தண்ணிய மறிக்குது, அதான் ஊரு முங்குதுன்றீங்க. சரியாண்ணே?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"சரிதான்," என்றார் இடிக்க வேண்டும் என்று பேசிய கான்ட்ராக்டர்.

"பக்கத்துல கால்வாய மறிச்சே குடோன் கட்டியிருக்கு. அத விட்டுட்டு எங்கள மட்டும் ஏன் இடிக்கணும்?"

அவர் சொன்னதைச் சொல்லிக்காட்டக் கான்ட்ராக்டரின் முறை வந்தது. "போக்கிடம் இல்லன்னு அழுவுறாங்க."

"காத வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களாண்ணே?" என்றார் வெல்டர்.

யாரும் சிரிக்கவில்லை.

"நான் அழலண்ணே," என்றார் தையல்காரம்மா. "குடோனப் பத்திக் கேட்டேன். மறுபடி கேக்குறேன்."