வாசலில் பாடாதவர்

லண்டனில், பிளேஸ்டோ நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது அருள்நாதனின் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணை, அவர் காலமை போயிட்டார்." மாரடைப்பாம். இந்த வாரத் தகுதிச் சுற்று ஆட்டத்துக்கான நுழைவு அட்டை மேசையில் கிடக்கிறது, அதை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்.

எங்கள் வார இதழில் அவர் கால்பந்து எழுதினார். நான் நீதிமன்றச் செய்திகள். அவருடைய இடது கண் போனதைப் பற்றி உங்களில் பலர் பல விதமாகக் கேட்டிருப்பீர்கள். பக்கத்தில் நின்றவன் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு மதுக்கூடம். பெரிய திரையில் இங்கிலாந்தின் தகுதிச் சுற்று ஆட்டம். அருளுக்கு அருகில் சுவர்ப்பூச்சு வேலை செய்யும் ஒருவர், எதிரணி நாட்டவர், அரைகுறை ஆங்கிலத்தில் அவரோடு பேசிக்கொண்டிருந்தார். கடைசி நிமிடத்தில் எதிரணி கோல் போட்டு வென்றது. கூடமே வாயடைத்துப்போயிருக்க, அந்த மனிதர் தம்மை மறந்து கூவிவிட்டார்.

கூவியது யாரென்று முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஐந்து பேர் எழுந்தார்கள். ஒருவன் கதவைத் தாழிட்டான். இன்னொருவன் பியர்க் கிளாஸை மேசை விளிம்பில் உடைத்துக் கையில் வைத்துக்கொண்டான். இங்கிலாந்தின் தேசிய கீதத்தைப் பாடிக் காட்டுகிறவன் வெளியே போகலாம் என்றார்கள். பாதியில் தடுமாறிய ஒருவரின் முகத்தைச் சுவரில் மோதினார்கள். மற்றவர்கள் பாடினார்கள், போனார்கள். அருளின் முறை வந்தது. அவருக்குப் பின்னால் அந்தப் பூச்சு வேலைக்காரர் நின்றார்.

அருள் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்டார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். உடைந்த கிளாஸ் அவர் கண்ணில் இறங்கியது. விழுந்தவரை விலாவில் மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒருவனின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். என் முன்பற்கள் போயின. ஐவரும் எங்கள்மேல் குனிந்திருந்த நேரத்தில், மதுக்கூடத்தில் பரிமாறும் பெண் அந்த மனிதரைச் சமையலறை வழியாக வெளியே அனுப்பிவிட்டுப் பொலிசை அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் என் செய்தியை வாசித்துக் காட்டினேன். இங்கிலாந்து ரசிகர்களின் வெறியாட்டம் என்று தலைப்பிட்டிருந்தேன். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அடிச்சது அஞ்சு பேர். அந்தாளைத் தப்ப விட்டதும் இங்கிலாந்துக்காரிதான். அடிச்ச ஆக்களை எழுதும், நாட்டை எழுதாதையும்."

பிறகு, "முதல்லை ஸ்கோரைப் போடும். மட்ச் பாக்கத்தானே போனனாங்கள்" என்றார். சிரிக்கப்போய், விலா வலியில் ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார்.

எத்தனையோ ஆட்டங்களில் கேட்ட கீதம் அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"முழுக்கத் தெரியும். நான் பாடிப்போட்டு விலகினா, அடுத்தது அந்தாள்தானே."

ஒற்றைக் கண்ணோடு வேலைக்குத் திரும்பினார். ஓஃப்சைட் தெரிகிறதா என்று அலுவலகத்தில் சீண்டினால், ரெஃபரிக்கு இரண்டு கண்ணாலும் தெரிவதில்லையே என்பார். அவர் திரும்பி வந்தபின் முதல் தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு நானும் கூடப் போனேன். அணிகள் வரிசையில் நின்றன, கீதம் ஒலித்தது. அருள் எழுந்து நின்று, கட்டைக் குரலில், ஒரு வரி விடாமல் பாடினார். நான் அவரையே பார்த்தேன்.

"என்ன பாக்கிறீர்? இஞ்சை ஒருத்தரும் கதவைப் பூட்டேல்லை."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலை.