மார்கழியில் போர்த்திய டிஷ்

மார்கழி வந்தாலே எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஊரே கோலம் போட்டு, கோயிலில் சூடாகப் பொங்கல் வாங்கித் தின்னும். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எவன் கம்பெனிக் கூரை மேலாவது பனியில் நின்றுகொண்டிருப்பேன். கேபிள் இழுக்க முடியாத இடங்களுக்கு வயர்லெஸ் டிஷ் வைத்து நெட் கொடுக்கிற சின்ன நிறுவனத்தில் நான் சர்வீஸ் ஆள். பனி இறங்கினால் கனெக்டருக்குள் ஈரம் கோத்து சிக்னல் படுத்துவிடும். கழற்றித் துடைத்து, புது டேப் சுற்றிவிட்டு இறங்குவேன். கீழே இருப்பவர்கள் நெட் வந்ததா என்றுதான் கேட்பார்கள், ஒரு வாய் டீ வேண்டுமா என்று கேட்க மாட்டார்கள்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது சிப்காட் இல்லை, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் வீடு. அங்கே ஒரு பெண் தனியாக இருந்தாள். புருஷன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை. கரையில் இருக்கும் நாட்களில் விடியற்காலையில் மட்டும் வீடியோ காலில் வருவான். சரியாக அந்த நேரத்துக்கு அவள் வீட்டு நெட் செத்துக் கிடக்கும். நான் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும், நெட்டும் ஒழுங்காக ஓடும். கனெக்டரை மாற்றினேன், டிஷ்ஷைத் திருப்பி வைத்தேன், ஏரிப் பனி மேல் பழி போட்டேன். ஒன்றும் வேலைக்காகவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"ண்ணா, நாளைக்கு அவரு கடலுக்குப் போறாரு. போனா மாசக்கணக்குல பேச முடியாது. நான் வேணும்னே எடுக்கலன்னு நெனச்சிக்கினு கோவமா இருக்காரு. எப்டியாச்சும் சரி பண்ணுண்ணா."

வெயிலுக்கு முன்னாலேயே போனால்தான் கோளாறு பிடிபடும் என்று, புதுவாயலில் நான் தனியாக இருக்கும் வாடகை அறையிலிருந்து இருட்டோடு வண்டியை எடுத்தேன். பனியில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இருந்தால் தேவலை என்றிருந்தது.

மாடி ஏறியதும் தூக்கிவாரிப் போட்டது. மீன் ஐஸ் பெட்டி மேல் போர்த்துவார்களே, வெள்ளித்தாள் ஒட்டிய ஷீட்டு, அதை டிஷ்ஷுக்குப் போர்த்தி வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தத் தாளைத் தாண்டி எந்த சிக்னல் போகும்?

"இன்னாம்மா இது? யாரு மூடுனது?" என்று பின்னாலேயே ஏறி வந்தவளிடம் கத்திவிட்டேன்.

"நான்தாண்ணா. பனிக்காலத்துல படகு எஞ்சினையே மூடித்தான வெப்போம்? இது அவரு மூஞ்சி வர்ற சாமானு. நனைய உடலாமா?"

"நான் வரசொல்லோ இது இல்லியே?"

"வெயில் வந்தா எடுத்துருவேன். காயணும்ல?"

போயும் போயும் இதற்கா இத்தனை நாள் அலைந்தேன்! கயிற்றை அறுத்து ஷீட்டை உருவினேன். கொஞ்ச நேரத்தில் அவள் கையிலிருந்த போன் அடித்தது.

"இப்பத்தான் எடுக்கத் தோணுச்சா?" என்றான் அவன்.

அவள் அழுதுகொண்டே ஷீட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் வெடித்துச் சிரித்தான்.

"அடி லூசு, டிஷ்ஷுக்குக் குளிருமாடி?"

அவளும் சிரித்தாள். நான் திரும்பி நின்று பையில் ஸ்பானர்களைப் போட்டேன்.

"பின்னால யாரு?" என்றான் அவன்.

"நெட்டு அண்ணன். எனக்கோசரம் விடியறதுக்குள்ள வந்துகீறாரு."

"அய்யோ பாவம். இந்நேரத்துக்கு அவரு ஊட்ல தேட மாட்டாங்களா?"

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். பனிக்குல்லாய் போட்ட முகம் ஒன்று என் பதிலுக்காகக் காத்திருந்தது.

"தேடுவாங்கப்பா," என்றேன். "கெளம்புறேன்."

டீ போடுகிறேன் என்று அவள் சொன்னதற்கும் நிற்காமல் இறங்கினேன். நிஜமாகவே யாரோ தேடுகிற மாதிரி வண்டியை விரட்டினேன். புதுவாயல் வந்து அறைப் பூட்டில் சாவியை நுழைத்தபோதுதான், எதற்கு இந்த அவசரம் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.