கச்சேரியில் நான் தூங்கியது உண்மைதான்

நம் பழைய பொன்மலைக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாட்களாக என் பெயர் அடிபடுகிறது. ஸ்டெல்லா டீச்சருக்குச் சங்கீதமே பிடிக்காது, ஸ்ரீரங்கம் கச்சேரியில் குறட்டை விட்டுத் தூங்கினார், சேவியர் சார் பாவம்... இப்படியெல்லாம் எழுதியிருக்கிறீர்கள்.

திருத்தம் சொல்ல வேண்டியது என் கடமை. தூங்கினேன். குறட்டை விடவில்லை. கான்வென்டில் சிஸ்டர்களிடம் பியானோ கற்றவள், மாதா கோவில் பாடகர் குழுவில் கல்யாணம் வரை பாடியவள். சங்கீதம் பிடிக்காதவள் அல்ல.

இதற்கெல்லாம் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் ராஜேஸ்வரி கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறாள். "டீச்சர் தூங்கறப்ப சார் எங்ககிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? நேர்ல பாக்கறப்ப சொல்றேன்."

அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

சாக்பீஸ் தூள், மல்லிகை, தேங்காய் எண்ணெய்... இந்த மூன்றும் கலந்த வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறை. ஸ்ரீரங்கத்தில் பந்தல் போட்டு நான்கு நாள் இசைவிழா. ராத்திரிக் கச்சேரி முடியும்போது பொன்மலைக்குப் பஸ் இருக்காது. காலையில் மறுபடி நாகஸ்வரம். அதனால் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கல். ஆண்களுக்கு ஒரு வகுப்பறை, பெண்களுக்கு ஒன்று.

நான் வீட்டிலிருந்து தலையணை கொண்டுபோனேன், இஸ்திரி போட்ட உறையோடு.

"தலகாணி வந்தாச்சு. மெத்தை பின்னால வண்டில வருதா டீச்சர்?" என்றாள் ராஜேஸ்வரி. அறையே சிரித்தது. எதிர்வீட்டுக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். வாய் மட்டும் பெரியது.

பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்தோம். மின்விசிறி கிடையாது. ஜன்னலில் ஈரத் துண்டு கட்டினால் கொஞ்சம் காற்று குளிரும், அது காய்கிற வரைக்கும். ஒருத்தி வளையல் ஒலிக்கப் புரளுவாள். ஒருத்தி கேட்ட ராகத்தைப் படுத்துக்கொண்டே பாடிப் பார்ப்பாள். குழந்தை அழும். எங்கள் கான்வென்ட் ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகு பேச்சு கூடாது. அதே விதியை இங்கும் சொல்லிப் பார்த்தேன்.

"மதர் சுப்பீரியர் சொல்லிட்டாங்க, எல்லாரும் கண்ண மூடுங்கடி" என்றாள் ராஜேஸ்வரி.

மறுபடியும் சிரிப்பு. அதற்கப்புறம் எங்கே தூங்குவது?

மதியம் ஈடுகட்டலாம் என்றால் அப்போது சீட்டாட்டம். மூன்றாம் நாள் என் கண்களைப் பார்த்துவிட்டு என் கணவர் தாழ்வாரத்தில் நின்று கேட்டார். "வீட்டுக்குப் போயிடலாமா?"

"நாளைக்குத்தானே உங்க வித்வான் பாடுறாரு? இருப்போம்" என்றேன்.

ரயில்வே பணிமனை அலுவலகத்தில் லீவு கேட்கவே கூச்சப்படுகிற மனிதர். அந்த ஒரு கச்சேரிக்காக நான்கு நாள் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். நான் தூங்கவில்லை என்பதற்காக அதை எப்படிக் கெடுப்பது?

அவர் தாளம் போடுவதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வலது தொடையில் விழுகிற அடி நாலு வரிசை தாண்டிக் கேட்கும். யாராவது இடது கையால் தாளம் போட்டால் முகம் சுளிப்பார். அபசாரம் என்பார். கத்தோலிக்கருக்கு இவ்வளவு ஆசாரமா என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

கடைசி நாள், வெளியூர்க்காரர்கள் வீடு திரும்ப வசதியாக, மாலையிலேயே கச்சேரி. பந்தலின் பின்பக்கம், மணலில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். அவருக்கு வலப்பக்கம் நான். எங்களுக்குப் பின்னால் ராஜேஸ்வரி வீட்டார். தம்புராவின் சத்தம் எழுந்தது நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

கண் விழித்தபோது மங்களம் முடிந்து, ஜனங்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். என் தலை அவருடைய வலது தோளில் இருந்தது. பலர் பார்க்க அப்படி ஒரு நாளும் நாங்கள் உட்கார்ந்ததில்லை. அவருடைய வலது கை மரக்கட்டை போல மடியில் கிடந்தது. இடது கை ஜமுக்காளத்தின் ஓரத்தில், மணலில். அதன் ஆள்காட்டி விரல் தட்டிய இடத்தில் ஒரு சின்னக் குழி.

"எழுந்திரு ஸ்டெல்லா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

வழக்கமாகக் கேட்டுவிட்டு வந்த கச்சேரியை வீடு வரும்வரை முணுமுணுப்பார். அன்று பஸ் காவிரிப் பாலம் தாண்டியது, ஜங்ஷன் தாண்டியது... ஒரு வார்த்தை இல்லை, ஒரு ராகம் இல்லை. வலது தோளை மட்டும் தேய்த்துக்கொண்டே வந்தார்.

கோபமா? நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அவரும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் "போகலாமா?" என்று நான் கேட்டதற்கு, "உனக்குத் தூக்கம் கெடும்" என்றார். அப்புறம் நாங்கள் போகவே இல்லை. எண்பதுகளில் வீட்டுக்கு டேப் ரெக்கார்டர் வந்தது. அதோடு சரி.

இப்போது அவர் இல்லை. தில்லைநகரில் நாலாவது மாடி. ஏசி உண்டு, நல்ல மெத்தை உண்டு. தலையணை உறைக்கு இன்றும் இஸ்திரி போடுகிறேன். வளையல் சத்தம் இல்லை, குழந்தை அழுகை இல்லை, கண்ணை மூடச் சொல்லிக் கேலி செய்ய ஆளில்லை. விளக்கணைத்த பிறகு யாரும் பேசுவதில்லை. மாத்திரை போட்டும் விடியும்வரை விழித்துத்தான் கிடக்கிறேன். அந்த மணலில் தூங்கியது போல அதற்கு முன்னும் தூங்கவில்லை, பின்னும் இல்லை.

ராஜேஸ்வரி, நீ மகளோடு கோவையில் இருக்கிறாய். நேரில் எப்போது பார்ப்போம் என்று இருவருக்குமே தெரியாது. போனில் வேண்டாம், எனக்குக் காது மந்தம். அவர் சொன்னதை, எப்படிச் சொன்னாரோ அப்படியே, கோபமாகச் சொல்லியிருந்தாலும் மாற்றாமல் எழுது. இங்கேயே எழுதினாலும் சரி.

எழுதினால் நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்வேன்.