நாலு போல்ட்டும் மூணு கல்லும்

செங்கம் ரோட்டில் ஆசிரமம் தாண்டி இரண்டாவது சந்துக்குள் போய் தசரதன் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ராணியம்மாள் வீடு என்று கேட்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். தசரதன் என்று பேர் வைத்திருந்தாலும் அவனுக்கு ஒரே பெண்டாட்டிதான். அந்த ஒருத்தியும் அம்மாவை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், கல்யாணத்துக்குக் கட்டின பட்டு வேட்டியோடு மாமியார் வீட்டில் நுழைந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். அந்த வேட்டிகூடக் கிழிந்து போய்விட்டது, ஆள் கிளம்பக் காணோம் என்று சந்தில் பேசிக்கொள்வார்கள்.

ராணியம்மாள் மருமகனிடம் நேராகப் பேசமாட்டாள். மரியாதையாம். அவன் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பான். "தென்றலு, உன் வூட்டுக்காரருக்கு ரசம் வோணுமா கேளு" என்பாள். தென்றல் கேட்பதற்குள் அவன் தட்டை நகர்த்துவான். பத்து வருஷக் குடித்தனம் இப்படியே ஓடியது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தனி அறை உண்டு. அதில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். காலையில் கண்ணை மூடி உட்காருவார், மத்தியானம் இரும்பை ராவுவார். மெட்ராஸிலிருந்து சின்னதாக ஒரு மில்லிங் மெஷின் வாங்கி வந்திருந்தார். மேலே கத்தி சுழலும். அதன் கீழே மேஜை இடம் வலமாகவும் முன்னும் பின்னுமாகவும் நகரும். கையால் சுற்றுகிற சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டார் மாட்டி, பழைய கம்ப்யூட்டரோடு இணைத்து, அது சொன்னபடி ஓட வைத்திருந்தார். போளூர் ரோடு லேத் பட்டறையில் வேலை பார்த்த தசரதனுக்கு அதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. மலை கூப்பிட்டது என்று வந்த வெள்ளைக்காரர், 2007-இல் அவருடைய அம்மா கூப்பிட்டாள் என்று கிளம்பினார். போகும்போது, "இத நீயே வெச்சிக்கோ" என்று தசரதனிடம் கொடுத்துவிட்டார்.

ராணியம்மாள் அன்று சாயங்காலமே பேச்செடுத்தாள். "தென்றலு, ரூம்ப காலி பண்ணி இன்னொரு வெள்ளக்காரங்கள வெக்கணும். அந்த இரும்ப இன்னா பண்றதுன்னு கேளு."

பட்டறை வேலையை விட்டுவிட்டு அந்த அறையில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் சக்கரம், யந்திரம் வெட்டிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று தசரதனுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கோயில் ஊரில் தகட்டுக்கா பஞ்சம்?

ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், பழைய இரும்பு வாங்குகிற கருப்பன் அறைக்குள் நின்று மெஷினைத் தலையிலிருந்து கால் வரை அளந்துகொண்டிருந்தான்.

"இன்னாடா இங்க?"

"சும்மாண்ணே. அம்மா ஒரு பார்வ பாத்துட்டுப் போன்னாங்க."

கருப்பன் பார்வை பார்த்த பொருள் அதன் பிறகு அந்த இடத்தில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. மறுநாளே தசரதன் பட்டறையிலிருந்து டிரில் கொண்டுவந்தான். அறை மூலையில் தரையோடு பதித்த கருங்கல் பலகை ஒன்று இருந்தது. அதில் நாலு ஓட்டை போட்டு, மெஷினை ஏற்றி, நாலு போல்ட் போட்டு, ஸ்பேனருக்குப் பின்னால் பைப் செருகி முறுக்கினான். யானை வந்து இழுத்தாலும் வராது. இனி மாமியார் என்ன செய்வாள்?

மாமியார் ஒன்றும் செய்யவில்லை. மெஷின்தான் செய்தது.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு அம்மன் கோயில் கும்பாபிஷேகம். அம்மனுக்கு அடியில் வைக்க ஸ்ரீசக்கரத் தகடு வேண்டும் என்று உமாமகேஸ்வரன் குருக்கள் கேட்டிருந்தார். முக்கோணத்துக்குள் முக்கோணமாக இருக்கும் அந்தச் சக்கரம். கோடுகள் சந்திக்கிற இடம் ஒரே புள்ளியாக இருக்க வேண்டும். எள்ளளவு விலகினாலும் குருக்கள் கையால் தொடமாட்டார். தசரதன் முதலில் கத்திக்குப் பதிலாகப் பேனாவைக் கட்டி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தான். பாதி வரை அழகாக வந்தது. மேஜை பின்னால் போகும்போது ஓர் இடத்தில் மோட்டார் முக்கியது, முனகியது, நின்று மறுபடி ஓடியது. அதற்கப்புறம் வந்த கோடெல்லாம் விலகிப் போயிற்று.

இதற்குள் அடுத்த உத்தரவு வந்துவிட்டது. "தென்றலு, பௌர்ணமிக்குள்ள அய்யரு அந்தத் தகட்ட வாங்கிக்கினா ரூம்பு உன் வூட்டுக்காரருக்கு. இல்லன்னா கருப்பன் வருவான். சொல்லிட்டேன்."

தசரதன் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினான், எண்ணெய் போட்டான். மேஜை அதே இடத்தில் பிடித்தது. மேஜைக்கும் அதன் தடத்துக்கும் நடுவே மெல்லிய இரும்புப் பட்டை ஒன்று செருகியிருக்கும், அதைத் தளர்த்தினான். பிடிப்பு கொஞ்சம் விட்டது, ஆனால் மேஜை ஆடி, கோடு புழு மாதிரி நெளிந்தது. இறுக்கினான். மறுபடி அதே இடத்தில் பிடித்தது. மோட்டார் கோளாறாக இருக்கும் என்று அதைக் கழற்றிவிட்டுத் திருகைக் கையால் சுற்றினான். அதே இடம். அப்போ திருகுதான் கோணல் என்று அதையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மேஜையைக் கையால் பின்னுக்குத் தள்ளினான். அப்போதும் அதே இடத்தில், அடம்பிடிக்கிற மாடு மாதிரி நின்றது.

தென்றல் காபியோடு வந்தாள். "ஏங்க, அந்த வெள்ளக்காரரு இருந்தப்ப இது இப்டியா நின்னுச்சு?"

"இல்ல."

"அப்ப எது மேல வெச்சிருந்தாரு?"

"மரப் பெஞ்சு மேல."

"போல்ட்டு?"

"அவருக்கு எதுக்குடி போல்ட்டு? அவருக்கு மாமியாரா இருந்தாங்க?"

சொன்ன கையோடு அவன் கண் அந்த நாலு போல்ட்டுக்குப் போனது. உண்மையில் அந்தச் சந்தேகம் அவனுக்கு முன்பே வந்திருந்தது. வந்ததை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான். எண்ணெய், பட்டை, மோட்டார், திருகு என்று எல்லாவற்றின் மேலும் பழி போட்டானே தவிர போல்ட் பக்கம் போகவில்லை. கருங்கல் மேடு பள்ளமாக இருந்தது. பைப் போட்டு முறுக்கின முறுக்கில் மெஷினின் அடிப்பாகமே கல்லோடு சேர்ந்து திருகிக்கொண்டிருந்தது. அடி திருகினால் மேஜை எப்படி நேராக ஓடும்?

ஸ்பேனரை எடுத்தான். ஒரு கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு ஒரே ஒரு போல்ட்டைத் தளர்த்தினான். "டக்" என்று ஒரு சத்தம். உள்ளங்கைக்குக் கீழே மேஜை தானாக நழுவியது.

இப்போது அவனுக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. போல்ட் இருந்தால் மெஷின் ஓடாது; போல்ட் இல்லாவிட்டால் மெஷினே இருக்காது. பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. நாலையும் கழற்றினான். முன்பு கழற்றி வைத்த திருகையும் மோட்டாரையும் மாட்டி, காலண்டர் தாளில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுச் செப்பில் இறங்கினான். கோடுகள் புள்ளி பிசகாமல் போய்ச் சேர்ந்தன.

மறுநாள் காலையில் தகட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். கழற்றிய நாலு போல்ட்டும் சட்டைப் பையில் கனத்தன. என்னவோ அவற்றைத் தன்னோடு வைத்திருந்தால் மெஷின் பத்திரமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு.

குருக்கள் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ஏம்ப்பா தசரதா, கையாலயா வெட்டினே?"

"கை நம்மளுதுதான் சாமி. கொஞ்சம் தள்ளி உக்காந்திருந்தேன்."

குருக்கள் சிரித்துவிட்டார். "திருட்டுப் பயலே. கோணம் சேர்ந்திருக்கு, அது போறும். மந்திரம் ஜபிச்சு உரு ஏத்தறது எம்பாடு. வெச்சுட்டுப் போ."

வீட்டுக்கு வந்தால் பின்னறையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பாய் விரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் கருங்கல் மட்டும் நாலு ஓட்டையோடு அவனைப் பார்த்தது.

"தென்றலு! கருப்பன் வந்தானா?" என்று கத்தினான்.

"வந்தான். அவனும் மூணு ஆளும் சேந்துதான் தூக்கினாங்க."

தசரதன் கை சட்டைப் பைக்குப் போனது. தென்றல் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாடிப்படிக்குக் கீழ போய்ப் பாருங்க" என்றாள்.

படிக்கட்டு மறைவில் மெஷின் உட்கார்ந்திருந்தது. மேலே ராணியம்மாளின் பழைய புடவை போர்த்தியிருந்தது. நெற்றி மாதிரி இருந்த இடத்தில் மஞ்சள், அதன் நடுவில் குங்குமம். அடியில், வருஷா வருஷம் பொங்கல் பானை ஏற்றுகிற அடுப்புக் கல் மூன்று.

ராணியம்மாள் சுவரைப் பார்த்துப் பேசினாள். "வாசல்ல பொட்டியோட வந்து நின்னவள இன்னான்னு திருப்பி அனுப்புறது தென்றலு? அதுக்குன்னு அம்மன் சக்கரம் போட்ட மெசின காயலான் கடைக்குப் போட நான் இன்னா பாவியா? நாலாவது கல்லு கெடைக்கல, அத மட்டும் சொல்லிடு."

பூஜை மாடத்தில், புள்ளி பிசகாத அந்தக் காலண்டர் தாள் சாமி படத்தோடு சாய்த்து வைத்திருந்தது. அய்யர் பார்ப்பதற்கு முன்னாலேயே மாமியார் பார்த்து முடிவு செய்துவிட்டிருந்தாள். வாடகையையும் விடவில்லை.

தசரதன் குனிந்து மேஜையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தான். வெண்ணெயில் விரல் போகிற மாதிரி போயிற்று. மூன்று கல்லில் உட்கார்ந்த பானை எப்படி ஆடாதோ, மெஷினும் ஆடவில்லை. நாலாவது பக்கம் பிடித்து முறுக்க ஒன்றும் இல்லாததால் திருகவும் இல்லை. இதைப் பற்றி மட்டும் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பட்டறை வேலையை விட்டு, தரையில் சம்மணம் போட்டுத் தகடு வெட்டிக்கொண்டு அந்த மாடிப்படிக்குக் கீழேயே அவன் பிழைப்பு நடந்தது. மார்கழி முடிந்தது. போகி அன்று ராணியம்மாள் வந்து நின்றாள். தென்றல் கடைக்குப் போயிருந்தாள். ராணியம்மாள் அங்குமிங்கும் பார்த்தாள். சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"மாப்ளே," என்றாள் கடைசியில், "நாளைக்குப் பான வெக்கணும். அந்தக் கல்லு மூணும் வோணும். இதுக்கு அடியில நல்லதா நாலு செங்கல்லு வெச்சித் தரச் சொல்றேன்."

"வோணாம் அத்தே," என்று எழுந்தான் தசரதன். "அந்த நாலு செங்கல்ல அடுப்புக்கு வெச்சிக்கோங்க. இத தொடாதீங்க."