மாமாவின் கட்டம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலம் முழுவதற்கும் ஒரே நிறத்தைப் பூசி, காட்டுத்தீ அபாயம் இவ்வளவுதான் என்று அறிவித்த காலம் ஒன்று இருந்தது. சிகாமட்டில் வெள்ளம் ஓடினாலும் கோத்தா திங்கி காய்ந்து கிடந்தாலும் வரைபடத்தில் இரண்டும் ஒரே பச்சைதான். எங்கள் வானிலை அலுவலகத்தில் நாலைந்து பேர் கணினியோடு மல்லுக்கட்டி, வானிலைக் கணிப்பை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாக நறுக்கினோம். காற்று, ஈரப்பதம், மழை எல்லாம் கட்டத்துக்குக் கட்டம் தனித்தனி. அத்தை வீட்டுக்கே சொந்தமாக ஒரு கட்டம் கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லாரும் கும்பிடும் கையைப் பதிலாக அனுப்பினார்கள். யாரும் படிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒருவர் மட்டும் படித்திருந்தார், அத்தையின் கணவர். கோத்தா திங்கியில் வீட்டுக்குப் பின்னால் மாமாவுக்குக் கொஞ்சம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. அங்கே இருப்பது கம்புட் மண், மக்கிய இலைதழையால் ஆன கரிமண். காய்ந்துவிட்டால் மண்ணே எரியும். மேலே அணைத்தாலும் அடியில் வாரக்கணக்கில் புகையும். அத்தைக்கோ ஊதுபத்திப் புகைக்கே இழுப்பு வந்துவிடும்.

மழையே இல்லாத ஒரு காலையில் மாமா குழுவில் ஒரு படம் போட்டார். காய்ந்த மட்டைக் குவியல், அதன் முன்னால் எலுமிச்சம்பழம், சூடம். மஞ்சள் வந்துவிட்டது, இன்றே கொளுத்திவிடலாம் என்று கீழே ஒரு வரி. எங்கள் படத்தில் மஞ்சள் என்றால் அபாயம் அதிகம். மாமாவுக்கு மஞ்சள் என்றால் மங்களம். இத்தனை பேர் உட்கார்ந்து நிறம் தேர்ந்தெடுத்தோமே, ஒருத்தருக்காவது இது தோன்றியதா?

உடனே மாமாவை அழைத்தேன். ஈரப்பதம் என்றேன், காற்றின் வேகம் என்றேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கொளுத்துகிறேன் என்றார். லைட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

“மாமா, இன்னிக்கு உங்க கட்டம் சரியில்ல.”

சத்தம் நின்றது.

“கட்டமா? யாரும்மா பார்த்தாங்க?”

“நான்தான் பார்த்தேன். ரொம்ப மோசமா இருக்கு.”

“அலமாக். பரிகாரம் ஏதும் இருக்கா?”

“தண்ணி ஊத்துங்க. நல்லா, அடி மண்ணு வரைக்கும்.”

நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. மதியம் வரை மாமா குழாயைக் கீழே வைக்கவில்லை என்று அத்தை போனில் சொன்னார், இழுப்பே இல்லாத குரலில். இப்போதெல்லாம் விடிந்ததும் மாமாவிடமிருந்து ஒரே கேள்விதான் வருகிறது: என் கட்டம் எப்படி?